சிப்பமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மளிகைக்கு மாதம் ஏழாயிரத்துக்குக் குறையாமல் ஆகிறது. இதுவரை பக்கத்து அண்ணாச்சி கடையில் நோட்டுப் போட்டு வாங்கி, சம்பளம் வந்ததும் கொடுத்துவிடுவோம். என் நாத்தனார் வீட்டுக்காரர் குன்னூரில் பேக்கரி வைத்திருக்கிறார். கோவையில் உள்ள மொத்தக் கடையின் கார்டு அவரிடம் இருக்கிறது. போன மாதம் அவர்கள் வேனில் நாங்களும் போய் 6,840 ரூபாய்க்கு வாங்கி வந்தோம். மாதாமாதம் வரச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியும் அங்கே இப்படித்தான் வாங்குகிறோம், அதுதான் லாபம் என்கிறான். பக்கத்து வீட்டு அக்காவோ மேட்டுப்பாளையத்தில் தள்ளுபடிக் கடை ஒன்று இருக்கிறது, கார்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அங்கே போ என்கிறார். போன மாதச் சாமானுக்குப் பிள்ளைகளின் இரண்டாம் பருவக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தைத்தான் எடுத்தேன். அண்ணாச்சிக்கு 3,200 ரூபாய் பாக்கி நிற்கிறது. எது லாபம்? பில் நகலும் பழைய நோட்டின் விலைகளும் இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள சகோதரி,

பில்லையும் நோட்டு விலையையும் சேர்த்து அனுப்பியது நல்ல காரியம். முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், பேச்சு அப்புறம்.

நீங்கள் எழுதியனுப்பிய அண்ணாச்சி விலையோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அரிசி 26 கிலோ, கிலோவுக்கு 4 ரூபாய் குறைவு, ஆக 104. துவரம்பருப்பு 5 கிலோவில் 70 ரூபாய். சூரியகாந்தி எண்ணெய் 15 லிட்டர் டின்னில் 135. துணிதுவைக்கும் பவுடரில் 80, சோப்பில் 60, சர்க்கரை 10 கிலோவில் 30, ரவை 5 கிலோவில் 30. கூட்டினால் 509 ரூபாய் மிச்சம். இது உண்மையான மிச்சம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வேனுக்குப் பெட்ரோல் பங்கு 500 கொடுத்திருக்கிறீர்கள், நீங்களும் பிள்ளைகளும் மதியம் வெளியில் சாப்பிட்டது 430. மிச்சம் போகவே 421 ரூபாய் கைவிட்டுப் போயிற்று. இதற்கு மேல் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன பட்டியலில் இல்லாத நூடுல்ஸ் கட்டு, பிஸ்கட் பெட்டி, பிளாஸ்டிக் டப்பா செட் எல்லாம் சேர்ந்து 1,180. நூடுல்ஸ் ஒன்பதே நாளில் தீர்ந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அண்ணாச்சி கடையில் வாங்கியிருந்தால் மாதம் மூன்று பாக்கெட்டோடு நின்றிருக்கும். வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தால் பிள்ளைகள் கேட்பார்கள், நாமும் கொடுப்போம். பிள்ளைகள் மேல் தப்பு இல்லை, உங்கள் மேலும் இல்லை. கண்முன் இருக்கிற பொருள் சீக்கிரம் தீரும், எந்த வீட்டிலும் அப்படித்தான்.

ஆக, இப்போது நீங்கள் போகிற முறையில் மொத்தக் கடை உங்களுக்கு லாபம் இல்லை.

உங்கள் தம்பி சொல்வதும் பொய் இல்லை. அவர் வாழ்கிற இடத்துக்கு அது சரி. காஸ்ட்கோ மாதிரிக் கடைக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 65 டாலர். அந்தக் கடையின் லாபத்தில் பெரும்பங்கு அந்தச் சந்தாவிலிருந்து வருவதால் பொருளின் மேல் 14, 15 சதவீதத்துக்கு மேல் லாபம் வைப்பதில்லை, சாமான் வகையும் நாலாயிரத்துக்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கேயே ஆல்டி மாதிரித் தள்ளுபடிக் கடைகளும் உண்டு. அவற்றுக்குச் சந்தா கிடையாது, வகை இன்னும் குறைவு, பெரும்பாலும் கடையின் சொந்தப் பெயரில் வருகிற சரக்கு, பாக்கெட்டும் சாதாரண அளவு. வீட்டு வாசல்வரை கார், பெரிய ஃபிரிட்ஜ், அதற்கு மேல் தனி ஃபிரீசர், சாமான் வைக்கக் காய்ந்த அறை, இதெல்லாம் இருக்கிற குடும்பத்துக்குச் சந்தாக் கடை கட்டுப்படியாகும். இல்லாத குடும்பத்துக்கு அங்கேயும் ஆல்டிதான் சரிப்படும். தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், வாங்கியதில் எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்று.

நம் ஊரில் விதியே வேறு. இங்கே மொத்தக் கடையின் கார்டு பெரும்பாலும் வியாபாரிகளுக்கு, ஓட்டல்காரர்களுக்கு, நிறுவனங்களுக்கு. வெளிநாட்டு முதலீட்டோடு இந்த வியாபாரத்தை நடத்த அனுமதித்தபோதே, தொழில் பதிவு உள்ளவர்களுக்கு மட்டும் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. (அமெரிக்காவில் இந்த முறையைத் தொடங்கிய பிரைஸ் கிளப்பும் 1976-ல் சான் டியாகோவில் வியாபாரிகளுக்காகத்தான் திறந்தது, வீட்டுக்காரர்களைச் சேர்த்தது பிறகுதான்.) அதனால் உங்கள் சாமான் முழுக்க நாத்தனார் வீட்டுக்காரரின் ஜிஎஸ்டி எண்ணில் பில் ஆகியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலின் தலைப்பில் அவர் பேக்கரி பெயர் இருப்பதைப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, வியாபாரி தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அவருடைய கணக்கர் விவரம் தெரியாமல் உங்கள் சோப்புக்கும் பவுடருக்கும் சேர்த்து வரவு எடுத்துவிட்டால், பிறகு நோட்டீஸ் வரும்போது வட்டியோடு கட்ட வேண்டியது அவர்தான். உதவி செய்ய வந்த மனிதருக்கு நம்மால் தொந்தரவு வரக்கூடாது. இதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், உறவு கெடாது. அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில மொத்தக் கடைகளில் அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது வரிக்கு முந்திய விலை, வரி சேர்ந்த விலை கீழே சின்னதாக இருக்கும். கையில் எடுக்கும்போது சின்ன எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

சரி, மேட்டுப்பாளையம் தள்ளுபடிக் கடை. அங்கே கார்டு வேண்டாம், பில் உங்கள் பெயரில், ஒரு கிலோவும் வாங்கலாம் ஐந்து கிலோவும் வாங்கலாம். இந்த மாதிரிக் கடைகள் எம்ஆர்பிக்குக் கீழே கொடுக்க முடிவதற்கு ஒரு வழி, சரக்குக்காரருக்குப் பணத்தைச் சீக்கிரம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குவது. டிமார்ட் 2002-ல் மும்பையில் தொடங்கியதிலிருந்து அப்படித்தான் வளர்ந்தது. ஆனால் மலையில் இருக்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எம்ஆர்பி போட்ட சோப்பு, பற்பசை, டீத்தூள் பாக்கெட் எல்லாம் கோவையிலும் கோத்தகிரியிலும் ஒரே எம்ஆர்பிதான். லாரி மேலே ஏறி வந்தது என்று சொல்லி அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவும் யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே அந்தப் பொருள்களில் கீழே போனால் கிடைப்பது தள்ளுபடி மட்டும், அதுவும் பல சமயம் அஞ்சு பத்து ரூபாய். ஏத்துக்கூலி உண்மையில் விழுகிறது சில்லறையாக நிறுத்துக் கொடுக்கிற சாமானில். அரிசி, பருப்பு, புளி, மிளகாய், சின்ன வெங்காயம். கீழே போகிற அன்று கண் இவற்றின் மேல்தான் இருக்க வேண்டும். இங்கேயே விளைகிற கேரட்டும் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் கீழிருந்து தூக்கி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பாக்கெட்டின் மேல் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவு என்று இப்போது அச்சிட்டிருக்கும். அதைப் பாருங்கள். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். ஷாம்பூவில் பல சமயம் சின்ன சாஷேதான் மலிவு. அந்த அரிசிச் சிப்பம் ஏன் 26 கிலோ என்று யோசித்தீர்களா? 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அதைத் தாண்டினால் இல்லை. அதனால் ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிவிட்டார்கள். உங்கள் 104 ரூபாய் மிச்சத்தில் ஒரு பகுதி அந்த வரியாக இருக்கலாம். அது மொத்தக் கடையின் தயவு இல்லை, அண்ணாச்சியிடமே 26 கிலோ சிப்பமாகக் கேட்டால் அவரும் குறைத்துத் தருவார். கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் மலையில் மளிகைக் கணக்கைத் தீர்மானிப்பது கடைசியில் அதுதான்.

பல வருடங்களுக்கு முன் குன்னூரில் ஒரு மாணவர் விடுதிக்கு நான் கொள்முதல் கணக்குப் பார்த்தேன். ஒரு செப்டம்பரில் விலை குறைவாக வந்தது என்று 100 கிலோ துவரம்பருப்பை ஒரேயடியாக வாங்கிப்போட்டோம். கையெழுத்துப் போட்டது நான். சாமான் அறையின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி இருந்தது. ஐப்பசி மழை பிடித்து மூன்று வாரத்தில் அந்தச் சுவர் கைவைத்தால் ஈரம் ஒட்டியது, மூட்டைகளின் அடிப்பக்கம் கறுத்தது. கார்த்திகை கடைசியில் ஒரு நாள் சமையல்காரம்மா குக்கரைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆறு விசில் விட்டும் பருப்பு குழையாமல் தனித்தனியாக நின்றது, தண்ணீர் தெளிவாக மேலே நின்றது, லேசாக ஒரு பழைய கோணி வாசம். அடியில் இருந்த இரண்டு மூட்டையில் பூஞ்சணம் பிடித்து அப்படியே கொட்டினோம். மிச்சப் பருப்பை வேகவைக்க அந்த மாதம் கேஸ் கூடுதலாகப் போயிற்று. கிலோவுக்கு மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று கணக்கு எழுதும்போது எனக்குத் தெரிந்தது. அதிலிருந்துதான் இந்த வேலையை நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன்.

சாதாரணமாகவே நம் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி பக்கமே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் பிடிக்கும். அதிலும் ஈரக்காற்றில் கிடந்த பழைய பருப்பு என்றால் கேட்கவே வேண்டாம். அந்த ஐந்து கிலோவை ஒரே டப்பாவில் வைத்துத் தினமும் திறக்காதீர்கள். காய்ந்த டப்பாக்களில் ஒவ்வொரு கிலோவாகப் பிரித்து இறுக்கி மூடுங்கள். ஐந்து கிலோ ரவையை இந்த வாரமே ஒரு வெயில் நாளில் வாணலியில் லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு வையுங்கள். சூடாக மூடினால் மூடியில் வியர்த்து அதுவே கெடுக்கும். அரிசிச் சிப்பம் தரையில் இருக்கக் கூடாது, சுவரிலும் சாயக் கூடாது. கீழே பலகை போட்டு, சுவருக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். நிலக்கடலை, மிளகாயில் பூஞ்சணம் கண்டால் தட்டிவிட்டு உபயோகிக்காதீர்கள், துடைத்தாலும் அதன் நஞ்சு போகாது. தயவுசெய்து கொட்டிவிடுங்கள், பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு.

எண்ணெய் டின்னைப் பற்றி. ரேஷன் பாமாயில் போக மாதம் மூன்று லிட்டர் ஆகிறது என்றால் 15 லிட்டர் ஐந்து மாதம் வரும். அப்படியானால் அந்த 135 ரூபாய் மாதத்துக்கு 27 ரூபாய்தான். திறந்த டின் ஐந்து மாதம் காற்றுப் பட்டால் எண்ணெய் காறும். நாத்தனாரும் பக்கத்து வீட்டு அக்காவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் எடுத்துக்கொள்வார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். (தேங்காய் எண்ணெயை டின்னாக வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். நம் ஊரில் மார்கழி காலையில் மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கும், டின்னிலிருந்து வெட்டித்தான் எடுக்க வேண்டும்.)

மொத்தமாக வாங்கவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையில் இருக்கிறவர்கள் கொஞ்சம் இருப்பு வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். 2009 நவம்பரில் மண்சரிந்து பாதைகள் துண்டிக்கப்பட்ட நாள்கள் உங்கள் மாமியாருக்கு நினைவிருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி இரண்டு வாரத்துக்கு வீட்டில் இருந்தவர்கள் பதறாமல் இருந்தார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அந்த அளவு கையில் இருக்கட்டும். இருப்பு தேவைப்படுகிற அதே மாதங்களில்தான் சாமான் கெடவும் செய்யும், அதனால் இரண்டு வாரம் போதும், மூன்று மாதம் வேண்டாம்.

வருஷச் சாமான் என்று நம் பாட்டிகள் வாங்கியதும் மொத்தக் கொள்முதல்தானே. புளி, மிளகாய், மல்லி, துவரை எல்லாம் மாசி பங்குனியில் புதுச்சரக்காக வரும், விலை இறங்கும், வெயிலும் இருக்கும். காயவைத்து, புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு ஜாடியில் அடைத்தால் வருஷம் முழுக்க வரும். மேட்டுப்பாளையம் மளிகை மண்டியில் அந்த நேரம் போய் வாங்குங்கள். ஆண்டில் ஒரு முறை செய்கிற இந்தக் கொள்முதலில் கிடைக்கிற மிச்சம், மாதாமாதம் கோவை போவதில் கிடைக்கவே கிடைக்காது என்பது என் அனுபவம். மொத்தமாக வாங்குவதில் ஈரம் தொடாத, பிள்ளைகள் கேட்காத பொருள்களும் சேரலாம். குளியல் சோப்பு, பாத்திரம் துலக்கும் சோப்பு, பல் துலக்கும் பிரஷ். பவுடர் கட்டிதட்டும், கட்டிச் சோப்பு தட்டாது.

ரேஷனைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அரிசி விலையில்லாமல், சர்க்கரை கிலோ 25, துவரம்பருப்பு 30, பாமாயில் 25. கிலோவுக்கு 3 ரூபாய் மிச்சம் என்று 10 கிலோ சர்க்கரை தூக்கி வந்த மாதத்தில் உங்கள் ரேஷன் கார்டின் சர்க்கரையை வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விலைக்கு எந்த மொத்தக் கடையும், எந்தத் தள்ளுபடிக் கடையும் வர முடியாது. பருப்பு வந்த அன்றே போய் வாங்குங்கள். ரேஷன் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்குப் போடுங்கள், மாவுக்கு நன்றாகவே வரும்.

மாமியாரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மேட்டுப்பாளையம் டாக்டரிடம் காட்டப் போகிறீர்கள் இல்லையா, எப்படியும் அந்த 33 கிலோமீட்டர் இறங்குகிறீர்கள். தள்ளுபடிக் கடைக்கு அன்றைக்கே போங்கள். தனியாக ஒரு நடை வேண்டாம். பட்டியலை வீட்டிலேயே எழுதி, அந்தப் பட்டியலுக்கான பணத்தை மட்டும் தனிப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும் நாளாகப் பார்த்து. சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிற தண்ணீர், குளிர்பானம் எதையும் வாங்கிவிடாதீர்கள், நீலகிரியில் தடை இருக்கிறது, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பிடித்தால் பொருளும் போகும், அபராதமும் விழும்.

அண்ணாச்சி கடையை விட்டுவிடாதீர்கள். கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் அதிகம் வாங்குகிறார், உண்மைதான். வட்டி இல்லாமல் முப்பது நாள் கடன் கொடுக்கிறார், மாமியாருக்கு உடம்பு முடியாத அன்று சாமானைப் பையன் கையில் வீட்டுக்கே கொடுத்துவிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏழாயிரம் ரூபாய் சாமானில் அவருக்குப் போகிற கூடுதல் மாதம் இருநூறு முந்நூறு இருக்கலாம். அதே பணத்தை மகளிர் குழுவிலோ வேறெங்கோ வட்டிக்கு வாங்கி மொத்தக் கடையில் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணத்துக்கு வைத்த பணம் மூட்டையாக மாறி வீட்டு மூலையில் கிடக்கிறது, அதைப் பள்ளிக்கூடத்தில் கட்ட முடியாது. இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற கஷ்டம் இது. விலை குறைவு என்று வாங்கி, கையில் காசில்லாமல் நிற்கிற வீடுகள்.

நாத்தனாருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். "மாசியில வருஷச் சாமான் வாங்கப் போகும்போது சேர்ந்து போலாம் அண்ணி, இப்போ வீட்ல இருப்பு இருக்கு, கார்டு பில்லுல எங்க சாமானைச் சேர்த்தா அண்ணனுக்குத்தான் சிக்கல்" என்று சொல்லுங்கள். இரண்டும் உண்மை. அடுத்த இரண்டு மாதம் கடையில் அரிசி, சர்க்கரை, சோப்பு, பவுடர் எதையும் வாங்காமல் இருப்பதைத் தீருங்கள். அதில் மிஞ்சுகிற பணம் முழுவதும் பருவக் கட்டணத்துக்குப் போகட்டும், பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். சம்பளம் வந்த அன்றே 3,200 ரூபாயை அண்ணாச்சியிடம் நேரில் கொடுத்து, நோட்டில் உங்கள் கண்முன்னால் அடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே 26 கிலோ சிப்பத்துக்கு அவர் என்ன விலை போடுவார் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.